என்டிஐஎஸ் (ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம்) பிளானில் பணத்தை எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்?

சிட்னி அம்மா:
மகனுக்கு 11 வயது, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்). புதுப் பிளானில் கோர் பணம், அதாவது அன்றாட உதவிக்கான பணம், போன தடவையைவிட ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது. அவன் நிலைமை மாறவில்லை, சட்டைப் பொத்தான் போட, குளிக்க, படியேற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். எங்கள் சம்பளத்தைப் பார்த்துக் குறைத்தார்களா? தெரபியில் மிஞ்சுவதை உதவியாளருக்குக் கொடுக்கலாமா?

குமரன்:
சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அக்கா, வருமானச் சோதனை கிடையாது. நோயின் பெயரை மட்டும் வைத்தும் முடிவு செய்வதில்லை. 2013 என்டிஐஎஸ் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, கேட்கிற உதவி நியாயமானதா, அவசியமானதா என்று பார்ப்பார்கள், பெற்றோர் வழக்கமாகச் செய்யக்கூடியது எது என்பதும் அதில் வரும். அங்கேதான் பிள்ளைகளின் பிளான் அடிபடுகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) அறிக்கையில் "குளிக்க உதவி தேவை" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து யாராலும் மணிக்கணக்குப் போட முடியாது. இந்த வயதுப் பிள்ளை தானே குளித்துவிடும், இவனுக்கு ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தினமும் இத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்லுங்கள். பட்ஜெட் அந்த மணிநேரத்திலிருந்துதான் வரும்.

ரேணு:
தெரபிப் பணம் கெப்பாசிட்டி பில்டிங் என்ற திறன் வளர்ப்புப் பிரிவில் இருக்கும், அதைக் கோருக்கு மாற்ற முடியாது. சக்கர நாற்காலிக்கென்று கேப்பிட்டல் என்ற உபகரணப் பிரிவில் வந்தாலும் அதற்கு மட்டும்தான். கோருக்குள் ஓரளவு மாற்றிச் செலவழிக்கலாம். இன்னொன்று, 2025 மே மாதத்திலிருந்து புதுப் பிளான்களில் பணத்தைப் பெரும்பாலும் மூன்று மாதத் தவணையாகத் திறந்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்தது முதல் தவணையா, முழுத் தொகையா என்று முதலில் பாருங்கள். ஒரு தவணையில் மிஞ்சுவது அந்தப் பிளான் முடியும்வரை அடுத்த தவணைக்குப் போகும்.

மெல்பர்ன் சித்தப்பா:
முழுத் தொகையே குறைந்திருந்தால் சும்மா விடாதீர்கள் தங்கச்சி. முடிவு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் என்டிஐஎஸ்ஸிடமே உள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அவர்கள் 60 நாளில் பதில் சொல்ல வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. போன பிளானில் ஆள் கிடைக்காமல் பணம் மிஞ்சியிருந்தால் அதைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள், தேவையில்லாமல் மிஞ்சியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணுக்கு அடித்து என்டிஐஎஸ்ஸுடன் இணைக்கச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கிடையாது.