படநோக்கியா, படம்பிடி இருநோக்கியா? வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.
பறவை நோக்கப் புதிதாய் வருவோருக்கான வாங்கும் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வியாழனன்று அச்சுக்குப் போகிறது. 'டிஜிட்டல் கேமரா உள்ளேயே பொருத்திய பைனாகுலர்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அட்டவணைத் தலைப்பில் இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. பைனாகுலருக்கு 'இருநோக்கி' போட்டுவிட்டேன். இதற்கு என்ன போடலாம்?
— ம.

'படநோக்கி'. மூன்றே அசை, வேலை முடிந்தது.
— செ.

> 'படநோக்கி'

முடியவில்லை ஐயா. தொலைநோக்கி தொலைவை நோக்குவது என்றால் படநோக்கி படத்தை நோக்குவது. வேற்றுமைத் தொகை அப்படித்தான் விரியும். இங்கே கருவி நோக்குவது பறவையை. படம் அதன் விளைவு. 'படம்பிடி இருநோக்கி' என்றால் வினைத்தொகை: பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் என்று முக்காலமும் அடங்கும்.
— க.

'இருநோக்கி'யே சரியா என்று முதலில் பாருங்கள். "இருநோக்கு இவளுண்கண் உள்ளது" என்கிறது குறள். அங்கே இருநோக்கு என்பது இரண்டு கண் அல்ல, இரண்டு விதமான பார்வை: ஒன்று நோய், ஒன்று மருந்து. ஆக, வெறும் பைனாகுலர் 'இருகண் நோக்கி'. கண்ணுக்கு ஒரு நோக்கு, கேமராவுக்கு ஒரு நோக்கு என்று இரண்டும் உள்ள இந்தக் கருவிதான் உண்மையில் 'இருநோக்கி'. தனிச்சொல்லே வேண்டாம்.
— இரா.

இரா. ஐயா சொன்னது சொல்லுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, கருவிக்கு நன்றாகப் பொருந்துகிறது. மலிவான வகைகளில் கேமராவுக்கு இரு குழல்களுக்கும் நடுவே தனி லென்ஸ். கண் பார்ப்பது ஒரு வழி, படம் விழுவது வேறு வழி. இரண்டுக்கும் இடைவெளி 4 செ.மீ. என்று வையுங்கள். 100 மீட்டரில் நிற்கும் நாரைக்கு அது பொருட்டே இல்லை. 5 மீட்டரில் இருக்கும் ஊதாத் தேன்சிட்டின் உடலே சுமார் 10 செ.மீ.தான், பாதிப் பறவை நகர்ந்துவிடும். பள்ளிப் பாடத்தில் வரும் இடமாறு தோற்றப் பிழைதான் இது.

இன்னொன்று, நடுவில் உள்ள குவியச் சக்கரம் பல மாடல்களில் குழல்களை மட்டும் திருத்தும். கேமரா லென்ஸ் நிலைக்குவியம். கண்ணுக்கு இறகு இறகாய்த் தெரியும், படம் கலங்கியிருக்கும். நோய்நோக்கு எது என்று இப்போது தெரிகிறதா?

ம. அம்மா, சொல் எதுவானாலும் கையேட்டில் இந்தச் சோதனையைச் சேருங்கள். கடை வாசலில் நின்று எதிரே 50 மீட்டரில் உள்ள பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தை நடுவில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு 5 மீட்டரில் ஒரு விலைச்சீட்டை. இரண்டு படத்திலும் நடுவில் வைத்த எழுத்தே நடுவில், விளிம்பு கூர்மையாக இருக்கிறதா? பெட்டியில் போட்ட மெகாபிக்சலை நம்ப வேண்டாம். சென்சாரில் இல்லாத புள்ளிகளை மென்பொருள் இட்டு நிரப்பிய கணக்காக இருக்கலாம். 10×25 (10 மடங்கு பெருக்கம், 25 மி.மீ. முன் லென்ஸ்) என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மி.மீ.; 8×42 என்றால் 5.25. விடியற்காலையில் இந்த வித்தியாசம் கேமராவைவிட முக்கியம்.
— வ.

அருமை. ஆனால் கடையில் போய் 'படம்பிடி இருநோக்கி கொடுங்க' என்றால் ஜெராக்ஸ் கடைக்கு வழி காட்டுவார்கள். 'கேமரா பைனாகுலர்' என்றே போடுங்கள்.
— சு.

கடைக்காரர் பேசுவதுதான் அளவுகோல் என்றால் மிதிவண்டியும் வந்திருக்காது.
— க.

மிதிவண்டி வந்தது. கடையில் இன்னும் சைக்கிள்தான்.
— சு.

ஒரு சிக்கல். சோனி 2011இல் கொண்டுவந்த டெவ்-3இல் கண்ணுக்கு நேரே ஒளி வருவதே இல்லை. இரண்டு லென்ஸ், இரண்டு சென்சார், உள்ளே இரண்டு சிறு திரை. பேட்டரி தீர்ந்தால் கருங்குழாய். அது இருநோக்கியா, இரட்டைக் கண் வைத்த கேமராவா? 2024இல் வந்த ஸ்வரோவ்ஸ்கியின் 10×32 கருவி 13 மெகாபிக்சலில் படமும் எடுக்கிறது, பறவை இன்னதென்றும் சொல்கிறது. அதை 'இனங்காட்டும் படம்பிடி இருநோக்கி' என்றால் சரக்கு ரயில் மாதிரி நீளும்.
— செ.

பெயர் கருவியின் தலையாய பயனைச் சொன்னால் போதும். கைப்பேசியில் விளக்கு இருக்கிறதென்று 'விளக்குப்பேசி' என்கிறோமா?
— க.

நன்றி. முதல் இடத்தில் 'படம்பிடி இருநோக்கி', அடைப்புக்குறிக்குள் கேமரா பைனாகுலர்; பிறகு தமிழ் மட்டும். சோனி வகைக்கு ஓர் அடிக்குறிப்பு. வ. ஐயாவின் சோதனை தனிக் கட்டத்தில் வருகிறது.
— ம.

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பிரித்து எழுதினால் அது தொகை ஆகாது. சேர்த்தால் யகர உடம்படுமெய் பெற்று 'படம்பிடியிருநோக்கி', 10 எழுத்து. 'இருநோக்கி' ஐந்தே எழுத்து.
— இரா.

கேமரா பைனாகுலர் எட்டு.
— சு.