எட்டாவது கதையா, மேடைக் கதையா: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

குழு: ஆலமரம் (லண்டன் – கோவை)
7 ஆகஸ்ட் 2016, ஞாயிறு, லண்டன் நேரம்

[12:04] வாணி: அனைவருக்கும் வணக்கம். நேற்று மதியம் முதல் பாகத்தையும் மாலையில் இரண்டாம் பாகத்தையும் பேலஸ் தியேட்டரில் பார்த்துவிட்டு நள்ளிரவு நெருங்கும் நேரத்தில்தான் வீடு வந்து சேர்ந்தோம். ‘ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்டு சைல்ட்’ நாடகத்தின் இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனாலும் நான் ஒரு தடவைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பேட்ஜைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் கதையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

[12:09] இளமாறன்: சித்தி, காப்பாற்றுவதற்கு இனி என்ன ரகசியம் மிச்சம் இருக்கிறது? ஜூலை 31 அன்று நாடகப் பிரதி உலகம் முழுவதும் புத்தகமாக வெளிவந்துவிட்டது. கோவையில் நான் அன்றே வாங்கி அன்றிரவே படித்து முடித்துவிட்டேன். 2007இல் ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது, கடைசிப் புத்தகத்தை மூடி வைத்த நாளிலிருந்து இப்படி ஒன்று வராதா என்று ஏங்கியவன் நான். வந்த பிறகு, வராமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.

[12:11] தேன்மொழி: இளமாறா, தயவுசெய்து அங்கேயே நிறுத்து. கயல் இன்னும் படிக்கவில்லை, நாடகத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், என் தொலைபேசியை எடுத்து இந்தக் குழுவையும் படிக்கிறாள். ஒரு மணிக்கு அவள் நடன வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். அதுவரை கதையைத் தொடாமல் பேசுங்கள்.

[12:16] நடராசன் பெரியப்பா: சரி, கதையைத் தொடாத கேள்வி ஒன்று. இதை எழுதியது யார்? அட்டையில், அந்த ஏழு புத்தகங்களை எழுதிய ரௌலிங் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது.

[12:22] இளமாறன்: என் மனக்குறையில் பாதி அதுதான், பெரியப்பா. ரௌலிங், இயக்குநர் ஜான் டிஃபனி, நாடக ஆசிரியர் ஜாக் தார்ன் மூவரும் சேர்ந்து கதையை அமைத்திருக்கிறார்கள். அதை நாடகமாக எழுதியவர் தார்ன். விளம்பரத்தில் ‘எட்டாவது கதை’ என்று சொல்லிவிட்டு, உள்ளே வேறொருவருடைய உரையாடலைக் கொடுத்தால் பத்து வயதிலிருந்து அந்த நடையிலேயே ஊறிய வாசகனுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

[12:27] நடராசன் பெரியப்பா: அதே அட்டையில் ‘சிறப்பு ஒத்திகைப் பதிப்பு’ என்றும் அச்சிட்டிருக்கிறார்களே, அதைக் கவனித்தாயா? ஜூன் 7இல் முன்னோட்டக் காட்சிகள் தொடங்குவதற்கு முன்பு, நடிகர்கள் கையில் வைத்துக்கொண்டு பயின்ற பிரதியைத்தான் நீ வாங்கியிருக்கிறாய். நாடகப் பிரதியை நாவல் போலப் படித்துவிட்டு நாவல் போல இல்லையே என்று குறைப்பட்டால், குற்றத்தை எழுதியவர் மேல் முழுவதுமாகச் சுமத்த முடியாது. நாவலுக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு அதை விற்றார்களே, அவர்களிடம் வேண்டுமானால் கேள்.

[12:31] வாணி: அத்தான் சொல்வது எனக்கு நேற்று கண்கூடாகப் புரிந்தது. கதையைச் சொல்லாமல் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியின் நகரும் படிக்கட்டுகள் நினைவிருக்கிறதா? பிரதியில் அந்தக் காட்சி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. மேடையில், பேசிக்கொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்ட இரண்டு சிறுவர்கள் ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறி இறங்க, சக்கரம் வைத்த அந்தப் படிக்கட்டுகள் அவர்களை நெருக்கமாகக் கொண்டுவந்து, தொட்டுவிடும் தூரத்தில் பிரித்து, மறுபடியும் சுழற்றி எதிரெதிர் மூலைக்குக் கொண்டுபோகின்றன. ஒரு சொல்கூட இல்லை; இமோஜன் ஹீப்பின் இசையும், ஸ்டீவன் ஹாகெட் அமைத்த அசைவுகளும் மட்டும்தான். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த அறுபது வயதுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

[12:34] இளமாறன்: அந்த இடத்தை நான் ஒரே மூச்சில் கடந்துபோனேன் என்பது உண்மைதான். ஹாரியின் தோழி ஹெர்மயனி எப்படி, சித்தி? டிசம்பரில் நடிகர்களை அறிவித்தபோது இணையத்தில் எவ்வளவு கூச்சல்!

[12:38] வாணி: நோமா துமெஸ்வேனி மேடைக்கு வந்த அரை நிமிடத்தில் அந்தக் கூச்சல் எவ்வளவு அற்பமானது என்று தெரிந்துவிட்டது. கறுப்பினப் பெண் ஹெர்மயனியாக நடிப்பதா என்று கேட்டவர்களுக்கு, அவள் வெள்ளைத் தோல் உடையவள் என்று தான் எங்கும் குறிப்பிடவில்லை என ரௌலிங்கே அப்போது பதில் சொல்லிவிட்டார். இவர் 2006இலேயே ஒலிவியே விருது வாங்கியவர். கண்டிப்பும் அவசரமும் அன்பும் கலந்த அந்தக் குரல் நம் ஹெர்மயனியுடையதேதான்.

[12:41] தேன்மொழி: உயிருள்ள ஆந்தை வருகிறதா என்று கயல் கேட்கச் சொல்கிறாள்.

[12:43] வாணி: இல்லையம்மா. முன்னோட்டக் காட்சி ஒன்றில் ஆந்தை கட்டுக்கு அடங்காமல் அரங்குக்குள் பறந்துவிட்டதால், அதன் பிறகு உயிருள்ள ஆந்தைகளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வேறு சில பறக்கும், உன் தலைக்கு நேர் மேலே பறக்கும். அதற்கு மேல் கேட்காதே.

[1:08] தேன்மொழி: கயல் கிளம்பிவிட்டாள். மூன்று மணிக்குள் பேசி முடித்துவிடுங்கள். என் தொலைபேசியில் உள்ள உரையாடலை அழித்துவிட்டுத்தான் அவளை அழைத்துவரப் போவேன்.

[1:15] இளமாறன்: நன்றி அக்கா. என் முதல் குற்றச்சாட்டு டைம்-டர்னர், காலத்தில் பின்னோக்கிக் கொண்டுபோகும் அந்தக் கருவி. மூன்றாவது புத்தகத்தில் ஹாரியும் ஹெர்மயனியும் பின்னோக்கிப் போகிறார்கள், ஆனால் எதையும் மாற்றுவதில்லை. மரண தண்டனை பெற்ற பக்பீக் என்ற விலங்கு முதல் தடவையும் சாகவில்லை, ஏரிக்கரையில் ஹாரியைக் காப்பாற்றியவனும் ஹாரியேதான். நடந்தது ஒரே ஒரு முறைதான் நடந்தது, நாம்தான் அதை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தோம். அத்தனை நேர்த்தியாகக் கட்டிய விதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஹாரியின் மகன் ஆல்பஸும் அவன் நண்பன் ஸ்கோர்ப்பியஸும் 1994க்குப் போய், நான்காவது புத்தகத்தில் பள்ளிப் போட்டியின் முடிவில் இறந்த செட்ரிக்கின் மந்திரக்கோலைத் தட்டிவிட்டால் ஹாரியின் நண்பன் ரானும் ஹெர்மயனியும் திருமணமே செய்துகொள்ளாத உலகம் ஒன்று முளைக்கிறது. ஏரிப் போட்டியில் அவனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால் கொடிய மந்திரவாதி வோல்டமார்ட் வென்ற உலகமே வந்துவிடுகிறது. செட்ரிக் டிகரி, ஒரு போட்டியில் அவமானப்பட்டதற்காக வோல்டமார்ட்டின் அடியாளான டெத் ஈட்டர் ஆகி, ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலைக் கொல்வான் என்று நான் நம்ப வேண்டுமாம். ஹாரிக்கே கோப்பையை விட்டுக்கொடுக்க முன்வந்த செட்ரிக்!

[1:18] இளமாறன்: இன்னொன்று. மாறிய உலகத்தில் ரானுக்கும் பத்மா பாட்டீலுக்கும் பிறந்த பையனுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதை எந்த இந்தியரிடமாவது காட்டிக் கேட்டார்களா?

[1:20] நடராசன் பெரியப்பா: பஞ்சுவை நான் மன்னிக்கவே மாட்டேன். மற்றதைப் பேசலாம்.

[1:29] வாணி: செட்ரிக்கைப் பற்றி நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்; நேற்று இரவு ரயிலில் எனக்கும் அது உறுத்தியது. ஆனால் அரங்கில் உறுத்தவில்லை. காலம் திரும்பும் கணத்தில் மேடை முழுவதும், சுவரும் தூணும் உட்பட, நீருக்குள் தெரியும் பிம்பம் போல நடுங்குகிறது. நம் கண்தான் கலங்கிவிட்டதோ என்று நினைக்கும்போது அது நின்றுவிடுகிறது. முதல் பாகத்தின் முடிவில் ஸ்கோர்ப்பியஸ் மட்டும் ஏரியிலிருந்து தனியாக எழுந்துவர, எதிரே ஐந்தாவது புத்தகத்துக் கொடுமைக்காரி அம்ப்ரிட்ஜ் நிற்க, ஆன்மாவை உறிஞ்சும் டிமென்டர்கள் நம் தலைக்கு மேல் மிதந்து வருகின்றன. அந்த நிலையில் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் முழுவதும் முகம் தெரியாதவர்கள் ஒருவரோடு ஒருவர் அடுத்து என்ன நடக்கும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

[1:33] இளமாறன்: பள்ளி ரயிலில் தின்பண்டம் விற்கும் டிராலி கிழவியின் விரல்கள் கூர்முனைகளாக மாறுகிற இடத்தையும் அப்படியே ரசித்தீர்களா, சித்தி?

[1:35] வாணி: இல்லை. அது மேடையிலும் அபத்தம்தான்.

[1:41] நடராசன் பெரியப்பா: நான் ஏழு புத்தகங்களையும் உங்களைப் போல மனப்பாடம் செய்தவன் இல்லை, ஆகவே பழைய விதிகள் உடைந்ததா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இந்தப் பிரதியில் பிடிபட்டது தகப்பனும் மகனும்தான். அனாதையாக வளர்ந்தவனுக்குத் தகப்பன் எப்படி நடந்துகொள்வான் என்று பார்த்துப் பழக ஒரு வீடே இருந்ததில்லை. உலகத்தையே காப்பாற்றியவன், பதினான்கு வயது மகனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறான். நீ என் மகனாக இல்லாதிருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நேரம் தோன்றுகிறது எனக் கோபத்தில் அவன் சொல்லிவிடுகிற காட்சியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். புகழ்பெற்ற தகப்பனின் பெயரைச் சுமக்கிற பிள்ளை, அதுவும் வோல்டமார்ட் படித்த ஸ்லிதரின் இல்லத்துக்குப் போன பிள்ளை. அவன் செட்ரிக்கைக் காப்பாற்றக் கிளம்புவதே தகப்பனின் கணக்கில் விட்டுப்போன ஒரு கடனைத் தான் தீர்க்கலாம் என்ற வீம்பால்தானே?

[1:46] இளமாறன்: அந்தக் காட்சி நல்ல காட்சிதான், பெரியப்பா. அதனால்தான் எனக்கு ஆத்திரம். இப்படியொரு தகப்பன் மகன் கதை கையில் இருக்கும்போது, வோல்டமார்ட்டுக்கும் அவனுடைய டெத் ஈட்டர் பெல்லாட்ரிக்ஸுக்கும் பிறந்த டெல்ஃபி என்று ஒரு ரகசிய மகளை எதற்குக் கொண்டுவர வேண்டும்? ஏழாவது புத்தகத்தில் பெல்லாட்ரிக்ஸ் வருகிற காட்சிகளுக்கு நடுவில் இந்தப் பிள்ளைப்பேறு எங்கே பொருந்துகிறது? அன்பு என்பதையே அறியாதவன் என்பதுதானே வோல்டமார்ட்டின் மையம்?

[1:52] வாணி: பிள்ளை பெறுவதற்கும் அன்புக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? டெல்ஃபியும் தகப்பனைத் தேடுகிற பிள்ளைதான். அவளையும் ஹாரியையும் ஆல்பஸையும் ஒரே மேடையில் நிறுத்தும்போது அது துலக்கமாகத் தெரிகிறது. ஆனால் உன் கோபத்தை எல்லாம் மறக்கடிக்கிற ஒருவன் உண்டு: ஆன்டனி பாயில் நடித்த ஸ்கோர்ப்பியஸ். காகிதத்தில் அசட்டு நகைச்சுவையாகத் தெரிகிற வரிகளை அந்த இளைஞர் குரல் உடைந்தும் மூச்சு வாங்கியும் சொல்கிறபோது, வரி முடிவதற்கு முன்பே அரங்கு சிரிக்கிறது. அடுத்த வரியில் அதே அரங்கு அமைதியாகிவிடுகிறது. வோல்டமார்ட்டின் பிள்ளை என்று ஊரே கிசுகிசுக்கும் ஒரு சிறுவன், தனக்குக் கிடைத்த ஒரே நண்பனுக்காக, தான் செல்வாக்கோடு இருக்கிற ஓர் உலகத்தையே விட்டுக்கொடுக்கிறான். ஹாரியின் பள்ளி எதிரியான மால்ஃபாயின் குடும்பத்துப் பையன் இந்தத் தொடரின் மிக நல்ல உள்ளமாக வருவான் என்று 1997இல் முதல் புத்தகத்தைப் படித்த யாராவது எதிர்பார்த்திருப்போமா?

[1:55] இளமாறன்: ஸ்கோர்ப்பியஸைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

[2:03] தேன்மொழி: நானும் ஒன்று சொல்லலாமா? கயல் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து நானும் படித்து முடித்துவிட்டேன். இளமாறன் டைம்-டர்னர் விதி முழுவதும் உடைந்துவிட்டது என்கிறான். எனக்கு அந்தப் போர்வை நினைவுக்கு வந்தது. 1981இல் சிக்கிக்கொண்ட பையன்கள், குழந்தை ஹாரியின் போர்வையில் டெமிகைஸ் சாற்றால் செய்தி எழுதுகிறார்கள். அந்த எழுத்து முத்துத் தூள் பட்டால்தான் வெளியே தெரியும். முத்துத் தூள் கலந்த காதல் மருந்தோ, 2020இல் ஆல்பஸ் தகப்பனோடு சண்டை போட்ட அன்றுதான் அந்தப் போர்வையில் கொட்டுகிறது. அப்படியென்றால் அந்தச் செய்தி ஹாரியின் வாழ்நாள் முழுவதும் அதிலேயே இருந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எதுவும் மாறவில்லை. இது மூன்றாவது புத்தகத்தின் விதியேதான் இல்லையா?

[2:05] நடராசன் பெரியப்பா: தேன்மொழி, இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தாய்?

[2:10] இளமாறன்: அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் இது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. போர்வைக் காட்சியை அமைக்கத் தெரிந்தவர்களுக்குப் பழைய விதி தெரியாமல் போயிருக்க முடியாது. தெரிந்தும் மற்ற இடங்களில் அதைக் கைவிட்டார்கள் என்றால், இருண்ட உலகத்தையும் ஏழாவது புத்தகத்தில் இறந்த ஆசிரியர் ஸ்னேப்பையும் மீண்டும் மேடையில் காட்டும் ஆசைதான் காரணமாக இருக்க வேண்டும்.

[2:17] வாணி: இருக்கட்டுமே. தன் பெயரையும் ஹாரியின் மகன் சுமக்கிறான் என்று ஸ்கோர்ப்பியஸின் வாயிலிருந்து ஸ்னேப் கேட்கிற அந்த ஒரு காட்சிக்காக இரண்டு விதிகளை உடைக்கலாம் என்பேன். கடைசியில் ஹாரி பிள்ளையாக இருந்த காட்ரிக்ஸ் ஹாலோ கிராமத்தில், தன் தாய் தந்தை கொல்லப்படுவதைத் தடுக்கும் தூரத்தில் நின்றுகொண்டு ஹாரி தடுக்காமல் இருக்கிறானே, அங்கே பழைய விதிக்கே திரும்பி வருகிறார்கள். மாற்ற முடியும் என்று ஐந்து மணி நேரம் காட்டிய பிறகு மாற்றாமல் நிற்பதால்தான் அது நெஞ்சை அறுக்கிறது. முன்பே முடியாது என்று விதி போட்டிருந்தால் அவன் நிற்பதற்கு என்ன பொருள்?

[2:21] இளமாறன்: இதற்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சித்தி. ஆனால் இதைப் புத்தகத்தில் படித்தபோது நான் உணராததற்கு என்னைக் குறை சொல்லாதீர்கள். உலகத்தில் இதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் லண்டனுக்கு வரப்போவதில்லை. எங்களுக்கு எட்டாவது கதை என்றால் இந்தக் காகிதம் மட்டும்தான். அதை வைத்துத்தான் நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியும்.

[2:26] நடராசன் பெரியப்பா: அது நியாயமான பேச்சு. தேன்மொழி, உனக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதா?

[2:32] தேன்மொழி: இல்லை பெரியப்பா. கடந்த வியாழக்கிழமை 2,50,000 புதிய டிக்கெட்டுகளை விற்பனைக்கு விட்டார்கள். இணைய வரிசையில் என் முறை வந்தபோது பள்ளி விடுமுறை நாள் எதுவும் மிஞ்சவில்லை. இனி வெள்ளிக்கிழமை நாற்பதுதான் வழி. வாரந்தோறும் வெள்ளி பகல் ஒரு மணிக்கு, அடுத்த வாரக் காட்சிகளுக்கு நல்ல இருக்கைகளாக நாற்பது டிக்கெட்டுகளை விடுகிறார்கள். பாகத்துக்கு 20 பவுண்டு, இரண்டுக்கும் சேர்த்து 40 பவுண்டு.

[2:36] வாணி: வரிசையில் யாருக்கு முதலிடம் என்பதைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானிக்கிறார்கள், ஆகவே எத்தனை பேர் உட்காருகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. நான் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் முயல்கிறேன். அத்தான், நீங்களும் வீட்டுக் கணினியில் உட்காருங்கள்.

[2:38] இளமாறன்: கோவையிலிருந்து நானும் வரிசையில் நிற்கிறேன், அக்கா. இங்கே அப்போது மாலை ஐந்தரை மணி. எனக்குக் கிடைத்தால் பணம் கட்டுவதற்கு உங்கள் அட்டை விவரம் வேண்டும். அதைக் குழுவில் போடாமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

[2:41] தேன்மொழி: சரி, வெள்ளி காலை அழைக்கிறேன். இப்போது உரையாடலை அழித்துவிட்டுக் கயலை அழைத்துவரக் கிளம்புகிறேன். நான் மறுபடியும் சொல்லும் வரை டெல்ஃபி என்ற பெயர் இந்தக் குழுவில் வரவே கூடாது.