ஆடியோ இன்டர்ஃபேஸ்: ஒலி இடைமுகமா, ஒலிவாயிலா?

கோவையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் இதழியல் மாணவர்கள் வலையொலி தொடங்குகிறார்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுவதைப் பதிவுசெய்ய என்ன வாங்கலாம் என்று ஒரு கையேடு எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மைக்குக்கு ஒலிவாங்கி இருக்கிறது. அதற்கும் கணினிக்கும் நடுவே யுஎஸ்பி கம்பியில் இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு என்ன சொல்? இப்போதைக்கு 'ஒலிமாற்றி' என்று வைத்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, மாற்றி போதாது. ஒலிவாங்கி தருவது மிக நலிந்த மின்குறிகை (சிக்னல்). முதலில் அதைப் பெருக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் கண்டென்சர் வகை என்றால் ஒலிவாங்கிக் கம்பி வழியே 48 வோல்ட் மின்சாரமும் அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் 24 பிட், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று எண்களாக்கும் வேலை. கணினியிலிருந்து வருவதை மீண்டும் ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் அந்தப் பெட்டியே. அந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் வகையில், ஷ்யூர் எஸ்எம்7பி போன்ற ஒலிவாங்கிக்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதே பெருக்கத்தைத்தான். 'மாற்றி' அதை மறைத்துவிடுகிறது. கணினித் தமிழில் இடைமுகம் வேரூன்றிவிட்டது. ஒலி இடைமுகம் என்றே எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

முகம் வடசொல் ஆயிற்றே! நல்ல தமிழ்ச்சொல் கைவசம் இருக்கும்போது அது எதற்கு? கற்பியலில் தோழி, பாணன், விறலி முதலானோரைத் தொல்காப்பியர் 'வாயில்கள்' என்கிறார். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே நின்று, ஒருவர் மனத்தை மற்றவருக்கு ஏற்ற மொழியில் சொல்பவர்கள். இந்தப் பெட்டி செய்வதும் அதுவே. உள்ளே போவது, வெளியே வருவது இரண்டும் வாயிலில் அடங்கும். என் பரிந்துரை: ஒலிவாயில்.

தஞ்சாவூரிலிருந்து:

முகம் தென்சொல் என்பது சொல்லாராய்ச்சி அறிஞர் பாவாணர் கொள்கை. வடசொல்லே ஆனாலும் 'வடவெழுத்து ஒரீஇ' (வடமொழிக்கே உரிய எழுத்தை நீக்கி) எழுதலாம் என்று தொல்காப்பிய எச்சவியல் இடம் தந்திருக்கிறது. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்' என்ற குறளைவிட இடைமுகத்துக்கு வேறு விளக்கம் வேண்டுமா? துறைமுகம், கழிமுகம் எல்லாம் இரண்டு சந்திக்கும் இடங்கள். ஆனால் இரண்டு உயிர்களை இணைக்க நடுவே வரும் உடம்படுமெய்யை விடாதீர்கள்: ஒலியிடைமுகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சேர்த்தெழுதினால் மாணவர் 'ஒலியிடை' என்று நிறுத்தி வாசிப்பார், பிரித்தே எழுதுங்கோ. எனக்கு வேறொரு ஐயம். செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் நான்கையும் யாப்பு நூலார் ஓசை என்றே சொல்கிறார்கள். பேச்சைப் பதிவதற்கு ஓசை பொருந்தாதா?

சென்னையிலிருந்து:

ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இருக்கும் கையேட்டில் ஓசை இடைமுகம் ஒட்டாது. இன்னொன்று: மாணவர் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் போய் 'ஒலிவாயில்' கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது. முதல் இடத்தில் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொல்லைவிட அவசரமான ஒன்றையும் தடித்த எழுத்தில் போடுங்கள். ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் வரிசைப் பெட்டிகளில், சோலோவில் ஒலிவாங்கிக் குறிகையைப் பெருக்க ஒரே முன்பெருக்கிதான் உண்டு. இருவர் பேச, இரண்டு முன்பெருக்கி உள்ள 2ஐ2 (2i2) வேண்டும். விலை குறைவு என்று சோலோவை வாங்கிவந்தால் இரண்டாமவர் குரலுக்கு இடமில்லை.

மதுரையிலிருந்து:

கடைக்காரருக்குப் புரிவதே அளவுகோல் என்றால் கலைச்சொல்லே தேவையில்லை. ஒலிவாங்கியும் ஒருநாள் புரியாத சொல்லாகத்தான் இருந்தது. வானொலியில் ஓயாமல் சொன்னார்கள், நிலைத்தது.

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மை இடைமுகத்துக்கே, 'ஒலி இடைமுகம்' என்று பிரித்து எழுதி அனுப்பிவிடுகிறேன். மதுரை ஐயாவின் வாயிலை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். சோலோ பற்றிய எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

மதுரையிலிருந்து:

கையேடு போகட்டும், என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். பதிவு மென்பொருளின் திரைக்கும் இடைமுகம், இந்தப் பெட்டிக்கும் இடைமுகம். 'மென்பொருள் இடைமுகத்தில் உங்கள் ஒலி இடைமுகத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற வரி உங்கள் கையேட்டிலேயே வரும். வகுப்பில் அதை எப்படி விளக்கினீர்கள் என்று பிறகு எழுதுங்கள்.