கெஃபிர் மணிகள் சுருங்குகின்றன, பானமோ பொங்கி வழிகிறது: தவறு எங்கே?

புதுநுரை எழுதியது:

வணக்கம். ஐந்து மாதங்களாக வீட்டில் வாட்டர் கெஃபிர், அதாவது நுண்ணுயிர்கள் வாழும் மணிகளைச் சர்க்கரை நீரில் போட்டுப் புளிக்கவைக்கும் பானம், தயாரித்து வருகிறேன். முதல் மூன்று மாதங்களில் எந்தக் குறையும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து, இரண்டு உலர் அத்திப்பழங்களையும் ஒரு துண்டு எலுமிச்சையையும் 80 கிராம் மணிகளையும் போட்டு வைத்தால், இரண்டு நாட்களில் பானம் தயாராகிவிடும். மணிகளும் வாரந்தோறும் கண்ணுக்குத் தெரியும்படி பெருகிவந்தன.

பிறகு, உடலுக்கு நல்லது என்று கருதிச் சர்க்கரையை விட்டுத் தேனுக்கு மாறினேன். ஏறத்தாழ அதே வாரத்தில் வீட்டில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்தப்பட்டதால் நீரும் மாறியது. இப்போது மணிகளின் எடை 45 கிராமுக்கு இறங்கிவிட்டது. முன்பு பளபளப்பாகவும் கெட்டியாகவும் இருந்தவை, இன்று பொடிப்பொடியாக, விரலால் அழுத்தினால் குழைந்துவிடும் நிலையில் இருக்கின்றன. பானத்தில் வினிகர் நெடி வீசுகிறது. குடுவையின் வாயை மெல்லிய துணியால்தான் கட்டி வைக்கிறேன்.

என்னைக் குழப்புவது இதுதான். போன வாரம் 750 மில்லி பாட்டிலில் 200 மில்லி திராட்சைச் சாற்றை ஊற்றி, மீதியைக் கெஃபிரால் நிரப்பி, மூடி, மூன்று நாட்கள் வெளியிலேயே வைத்திருந்தேன். திறந்தபோது பாதிப் பானம் சமையலறைக் கூரையில் இருந்தது. மணிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றால் இவ்வளவு வாயு எங்கிருந்து வருகிறது?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விடையும் இருக்கிறது. மணிகள் வளர்வதும் பானம் புளிப்பதும் ஒரே வேலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவை இரண்டு வெவ்வேறு வேலைகள். ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று தடையில்லாமல் நடக்கும்.

மணி என்பது உயிரி அன்று, அது உயிரிகள் குடியிருக்கும் வீடு. அதன் பெரும்பகுதி நீர். மீதியில் பெரும்பங்கு டெக்ஸ்ட்ரான் என்னும் பல்சர்க்கரை. இந்த டெக்ஸ்ட்ரானைக் கட்டுபவை சில லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவற்றுள் ஹில்கார்டி என்னும் இனம் மணியைக் கட்டுவதில் முதன்மையானது என்று 1980களின் இறுதியிலேயே கண்டறிந்துவிட்டார்கள். இந்த பாக்டீரியா வெளியிடும் நொதி, சுக்ரோஸ் (நாம் போடும் வெள்ளைச் சர்க்கரைதான்) மூலக்கூற்றை உடைத்து, அதிலுள்ள குளுக்கோஸைச் சங்கிலியில் கோத்துவிட்டு, ஃப்ரக்டோஸை நீரில் விட்டுவிடுகிறது. உடைக்கும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டே கோக்கிறது என்பதால், அதற்குச் சுக்ரோஸ்தான் வேண்டும். ஏற்கெனவே தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும் குளுக்கோஸைக் கொடுத்தால் அதனால் ஒரு கண்ணியைக்கூடச் சேர்க்க முடியாது.

தேனில் இருப்பதோ பெரும்பாலும் பிரிந்த சர்க்கரைகள்: ஃப்ரக்டோஸ் சுமார் 38 விழுக்காடு, குளுக்கோஸ் சுமார் 31 விழுக்காடு. சுக்ரோஸ் ஓரிரு விழுக்காடுதான். பூவின் தேனிலிருந்த சுக்ரோஸைத் தேனீக்கள் முன்பே உடைத்துவிட்டன. ஆகவே ஈஸ்டுகளுக்கு அது விருந்து. அவை உண்டு, வாயுவும் சாராயமும் வெளியிட்டுக் கொழிக்கின்றன. வீடு கட்டும் பாக்டீரியாவுக்குச் செங்கல் இல்லை. ஒவ்வொரு முறை வடிகட்டும்போதும் கழுவும்போதும் உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்க, ஈடுசெய்யப் புதிதாக எதுவும் சேரவில்லை. 80 கிராம் 45 கிராமானது இப்படித்தான்.

சர்க்கரைக்குத் திரும்புங்கள். தேனின் மணம் வேண்டுமென்றால், மணிகளை வடிகட்டி எடுத்த பிறகு, பாட்டிலில் அடைக்கும்போது சிறிதளவு சேர்க்கலாம். உடல்நலத்துக்காகத் தேனுக்கு மாறியதாக எழுதியிருந்தீர்கள். நுண்ணுயிர்களின் கணக்கில் இரண்டும் சர்க்கரைதான் என்பதே என் கருத்து. பானத்தில் எஞ்சும் இனிப்பைக் குறைக்க விரும்புபவர் புளிக்கும் நேரத்தை நீட்டிப்பதுதான் பயன் தரும்.

இன்னொன்று. 1892-இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இங்கிலாந்துத் தாவரவியலாளர், வாட்டர் கெஃபிருக்கு நெருங்கிய உறவான இஞ்சிப் பீர் மணிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும்தான் இன்றியமையாதவை என்று பிரித்துக் காட்டினார். அவ்விரண்டையும் தனித்தனியாக வளர்த்து, மீண்டும் ஒன்றுசேர்த்து மணியையும் உருவாக்கினார். ஈஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு மணியை எதிர்பார்க்க முடியாது என்பது அப்போதே தெரிந்த செய்தி.

மெதுவாகப்புளி எழுதியது:

மேலே சொன்ன விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழி முழுவதையும் தேன்மீது போடுவது சரியன்று. சர்க்கரைக்குத் திரும்பிய பிறகும் ஆர்.ஓ. நீரையே பயன்படுத்தினால் மணிகள் தேறுவது கடினம்.

ஆர்.ஓ. இயந்திரம் நீரிலிருந்து கால்சியம், பைகார்பனேட் போன்றவற்றைப் பெருமளவு நீக்கிவிடுகிறது. புளிப்பு ஏறும்போது அதைத் தாங்கி நிறுத்துபவை இவைதான். இவை இல்லாத நீரில் அமிலத்தன்மை மிக விரைவாக ஏறி, மணிகளுக்கே தீங்காகிவிடுகிறது. பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2019-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள்: கால்சியமும் அமிலத்தைத் தாங்கும் திறனும் குறைந்த நீரில் மணிகளின் வளர்ச்சி குன்றியது. எனவே கடின நீர் என்று நாம் குறை சொல்லும் நீர்தான் கெஃபிருக்கு ஏற்றது.

குழாய் நீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாமே என்று பலரும் சொல்வார்கள். கொதிக்கவைத்தால் குளோரின் போகும், உண்மைதான்; ஆனால் பாத்திரத்தின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவம் நமக்குத் தேவையான கால்சியமே. குடிக்கத் தகுந்த குழாய் நீராக இருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்தாலே போதும், குளோரின் பறந்துவிடும். உங்கள் பகுதியில் நீரைச் சுத்தப்படுத்தக் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் சேர்க்கிறார்கள் என்றால் அது இப்படி எளிதில் போகாது. ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆர்.ஓ. நீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், நன்றாகக் கொதிக்கவைத்து உலர்த்திய முட்டை ஓட்டில் கால் பங்கைக் குடுவையில் போட்டு வையுங்கள். புளிப்பு ஏற ஏற அது தானாகக் கரைந்து கால்சியத்தைத் தரும். முழு ஓட்டையும் போட வேண்டாம். அளவு மீறினால் பானம் சப்பென்று ஆகி, மணிகள் வழுவழுப்பாகிவிடுகின்றன. இது என் அனுபவம்.

இனி வினிகர் நெடி. துணிதான் காரணம். அசிட்டிக் அமில பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். ஈஸ்ட் உண்டாக்கிய சாராயத்தைக் காற்றின் துணையோடு அது அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. கொம்புச்சா என்னும் புளித்த தேநீருக்குத் துணி கட்டுவதைப் பார்த்து நாமும் கட்டிவிடுகிறோம். வாட்டர் கெஃபிருக்கு மூடியே நல்லது. முழுவதும் முறுக்கி அடைக்காமல், வாயு கசியும் அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத காற்றடைப்பான் வைத்திருப்பவர்கள் அதைப் பொருத்தலாம். மணிகளை ஒவ்வொரு முறையும் கழுவுகிறீர்களா?

புதுநுரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆம், ஒவ்வொரு முறையும் ஓடும் குழாய் நீரில் நன்றாக அலசிவிடுகிறேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். அத்திப்பழத்துக்குப் பதிலாக அண்மையில் பளிச்சென்ற மஞ்சள் நிற உலர் திராட்சை போடுகிறேன் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

மெதுவாகப்புளி எழுதியது:

அலசுவதை நிறுத்துங்கள். குளோரின் கலந்த நீரின் அடியில் மணிகளை நிறுத்தி அலசுவது சுத்தம் ஆகாது. அடியில் பழத்தின் கசடு சேர்ந்திருந்தால் மட்டும், சர்க்கரை கரைத்த நீரில் ஒருமுறை மெல்ல ஆட்டி எடுத்தால் போதும்.

பளிச்சென்ற நிறமுள்ள உலர் திராட்சையை நிறம் மாறாமல் காப்பது கந்தக டை ஆக்சைடு. பழத்தில் நுண்ணுயிர் வளரக் கூடாது என்பதற்காகச் சேர்க்கப்படுவது அது. நீங்களோ நுண்ணுயிர் வளர்க்கிறீர்கள். பொட்டலத்தின் மேல் சல்பைட் என்றோ 220 என்ற எண்ணோ இருந்தால் வாங்க வேண்டாம். கறுத்த உலர் திராட்சையிலும் சிலவற்றில் ஒட்டாமல் இருப்பதற்காக எண்ணெய் தடவியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டுப் போடுங்கள். அத்தியோ திராட்சையோ, அது சுவைக்காக மட்டும் போடப்படுவதன்று. வெறும் சர்க்கரையில் இல்லாத நைட்ரஜன் சத்து அதிலிருந்துதான் வருகிறது. அது போதாமல் போனால் ஈஸ்ட் தவித்து, அழுகிய முட்டை நாற்றத்தை வெளிவிடும்.

அளவுக்கோப்பை எழுதியது:

எல்லோரும் மணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்தப் பாட்டில்.

கணக்கு எளிது. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும்போது, 4 கிராம் சர்க்கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு வரும். கடையில் விற்கும் நுரை பொங்கும் குளிர்பானங்களில், ஒரு லிட்டர் பானத்தில் மூன்று முதல் நான்கு லிட்டர் வாயு கரைந்திருக்கும். அதாவது லிட்டருக்கு 12 முதல் 16 கிராம் சர்க்கரை பாட்டிலுக்குள் புளித்தாலே அந்த நுரை வந்துவிடும். ஷாம்பெயின் தயாரிப்பவர்கள் பாட்டிலில் அடைக்கும்போது சேர்ப்பது லிட்டருக்குச் சுமார் 24 கிராம். அதிலிருந்து எழும் அழுத்தம் ஏறத்தாழ 6 வளிமண்டலம். அதைத் தாங்குவதற்காகத்தான் அந்தப் பாட்டிலை அவ்வளவு தடிமனாகச் செய்கிறார்கள்.

நீங்கள் ஊற்றிய 200 மில்லி திராட்சைச் சாற்றில் மட்டும் சுமார் 30 கிராம் சர்க்கரை இருந்திருக்கும். 750 மில்லிக்கு 30 கிராம் என்றால் லிட்டருக்கு 40 கிராம். கெஃபிரில் எஞ்சியிருந்த தேன் இதில் சேரவில்லை. எல்லாம் புளித்து முடியும் முன்பே நீங்கள் திறந்துவிட்டீர்கள். கூரையில் பானம் மட்டும் தெறித்ததற்கு, கண்ணாடி தெறிக்காததற்கு, அதுவே காரணம்.

நான் 750 மில்லிக்கு 50 மில்லி சாற்றுக்கு மேல் சேர்ப்பதில்லை. திராட்சை போன்ற இனிப்பு மிகுந்த சாறு என்றால் அதிலும் பாதி. மேலே மூன்று விரல் அளவு இடம் விட்டு, வாயு அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட வட்டமான பாட்டிலில்தான் அடைக்கிறேன். அலங்காரத்துக்காக விற்கும் சதுரப் பாட்டில்களின் மூலைகள்தாம் முதலில் விரிசல் விடும். அதே பானத்தை ஒரு சிறிய பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலிலும் நிரப்பிப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அது அழுத்தினால் அமுங்காத அளவுக்கு விறைத்ததும், நாள் கணக்கைப் பார்க்காமல், எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவேன். 20 பாகை செல்சியஸில் இரண்டு நாள் எடுப்பது 30 பாகையில் ஒரே நாளில் முடிந்துவிடக்கூடும். குளிர்ந்த நீர் வாயுவைக் கூடுதலாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பதால், திறப்பதற்கு முன் ஓரிரவாவது குளிரட்டும்.

புதுநுரை எழுதியது:

ஐந்து வாரங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். சர்க்கரை, ஓரிரவு திறந்து வைத்த குழாய் நீர், கந்தகம் சேராத அத்தி, தளர்த்திய மூடி. முதல் இரண்டு வாரங்களில் எடை 44, 45 என்றே நின்றதால் கைவிட்டுவிடலாமா என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் 52, இன்று காலை 71. புதிதாக வளர்ந்தவை தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கின்றன. பழையவற்றில் பொடியாகிப்போனவை அப்படியே பொடியாகத்தான் உள்ளன. வினிகர் நெடி போய்விட்டது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வீட்டில் சாராயத்தை முற்றிலும் தவிர்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இதைக் கொடுக்கலாமா?

கண்ணாடிக்குடுவை எழுதியது:

பொடிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை மீண்டும் திரளாவிட்டாலும் புளிக்கவைக்கும் வேலையைச் செய்யும். எடை 80-ஐத் தாண்டியதும் மிகையானதை எடுத்து, புதிய சர்க்கரை நீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் தாங்கும். அடுத்த முறை எதையாவது சோதித்துப் பார்க்கத் தோன்றினால் அந்த மிகையில் சோதியுங்கள்.

சாராயத்தைப் பொறுத்தவரை, கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். வீட்டில் செய்யும் வாட்டர் கெஃபிரில் அரை விழுக்காட்டிலிருந்து இரண்டு விழுக்காடு வரை சாராயம் இருக்கலாம். சாறு சேர்த்து மூடி, வெப்பத்தில் வைத்தால் இன்னும் ஏறும். அடர்த்திமானியை இறக்கி, சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கணக்கிடுவதும் இங்கே சரிவராது. குறைந்த சர்க்கரையில் ஒரு பகுதி அமிலமாகவும் ஒரு பகுதி டெக்ஸ்ட்ரானாகவும் போயிருக்கும் என்பதால், கிடைக்கும் எண் எதையும் உறுதிப்படுத்தாது. முற்றிலும் தவிர்ப்பவரிடம் இதை எடுத்துச் சொல்லிவிடுங்கள். முடிவு அவருடையது.