15 வயது மகனுக்கு ஃப்ரீஸ்டைல் ஸ்கி: சப்பாத்தும் பைண்டிங்கும் எதை எடுப்பது?

ஒஸ்லோ_அப்பா
எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு 15 வயது, 55 கிலோ. இதுவரை வாடகைச் சாமானில்தான் சறுக்கினான். இப்போது ட்ரீவானில் தாவுமேடையும் இரும்பு ரெயிலும் வைத்த ஸ்கி பார்க்கே கதி என்று கிடக்கிறான். ரெயிலில் ஏறுகிறான், தாவுகிறான், பின்பக்கமாகவும் இறங்குகிறான். ட்வின் டிப் ஸ்கி (இரு நுனியும் வளைந்தது) ஒரு சோடி மாமா வாங்கிக் கொடுத்துவிட்டார், நடு அகலம் 88 மி.மீ. மிச்சம், அதாவது சப்பாத்தும் அதை ஸ்கியோடு பூட்டும் பைண்டிங்கும், என் பொறுப்பு, 5000 குரோனருக்குள். பழைய சாமான் விற்கும் ஃபின் தளத்தில் லுக் பிவட் 18 பைண்டிங் மலிவாகப் போட்டிருக்கிறார்கள், அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வளரும் பிள்ளைதானே, சப்பாத்தை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?

மெழுகுக்காரன்
அண்ணா, குளிர்காலத்தில் ஸ்கி திருத்தும் பட்டறையில் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிவட் 18 வேண்டாம். அதன் டின் அளவு, அதாவது விழும்போது எவ்வளவு விசையில் சப்பாத்தைக் கழற்றிவிடும் என்ற எண், 8இல் தொடங்கி 18 வரை போகும். 55 கிலோ பிள்ளைக்கு அட்டவணைப்படி பெரும்பாலும் 4க்கும் 7க்கும் இடையில்தான் வரும். முழுக்கத் தளர்த்தி வைத்தாலும் விழும்போது கழலாது, முழங்கால்தான் முறுகும். அதோடு பிவட்டின் குதிப்பகுதி கிட்டத்தட்ட 20 மி.மீ.தான் முன்பின் நகரும். அடுத்த வருடம் கால் வளர்ந்தால் ஸ்கியில் புதுத் துளை போட வேண்டிவரும். மார்க்கர் ஸ்குவையர் 11, டிரோலியா அட்டாக் 11 இரண்டில் ஒன்றைப் பாருங்கள். இரண்டும் 3இலிருந்து 11 வரை, குதியும் தாராளமாக நகரும். கழன்ற ஸ்கி ஓடாமல் பிடிக்கும் பிரேக்கின் அகலம் 90 அல்லது 95 மி.மீ. போதும். பெடியனுக்கு முகம் சுருங்கும், பரவாயில்லை.

மிச்சக் காசைச் சப்பாத்தில் போடுங்கள். பெரிய சைஸ் வேண்டாம். கடையில் உள்சப்பாத்தை உருவி எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் கோதுக்குள் காலை விட்டு, பெருவிரல் முன்னால் லேசாக முட்டும்படி நின்று, முழங்காலை மடக்கட்டும். இப்போது குதிக்குப் பின்னால் உங்கள் விரலை விடுங்கள். ஒன்றரை விரல் போனால் நல்லது. வளரும் வயது என்பதால் இரண்டு விரல் வரை பொறுக்கலாம். மூன்று போனால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்: தாவி இறங்கும் ஒவ்வொரு முறையும் குதி மேலே எழும்பும், கணைக்கால் எலும்பு முன்னால் அடிபட்டுக் கன்றிப்போகும். இன்னொன்று, 26க்கும் 26.5க்கும் பெரும்பாலும் கோது ஒன்றுதான். அரை சைஸுக்காக மண்டையை உடைக்காதீர்கள்.

வகை என்றால், பார்க்குக்கு மூன்று துண்டுச் சப்பாத்து எனக்குப் பிடிக்கும். 1980களின் ரைக்லே ஃப்ளெக்சான் வழியில் வந்தது. முன்பு ஃபுல் டில்ட் என்று விற்றார்கள், 2022இலிருந்து கே2 பெயரில் வருகிறது. டல்பெல்லோவிலும் இருக்கிறது. முன்நாக்கு தனித் துண்டு என்பதால் கணுக்கால் மடியும்போது பக்கம் பிதுங்காது, திடுமென்று முட்டி நிற்காது. ஃப்ளெக்ஸ் எண் (சப்பாத்தின் விறைப்பு) கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; உங்கள் மகனுக்கு 80, 90 பக்கம் சரி. யாராவது 120 காட்டினால் அது விற்கிறவரின் ஆசை.

பேர்கன்_ராணி
பழையது வாங்குவதென்றால் அடியையும் பாருங்கள் அண்ணா. இப்போது வரும் பல சப்பாத்துகள் கிரிப்வாக் அடி, நடக்க வசதியாக முன்பக்கம் வளைந்திருக்கும். தட்டை அடிக்கு மட்டும் செய்த பழைய பைண்டிங்கில் அதைப் பூட்டக் கூடாது. எங்கள் வீட்டில் பைண்டிங்கைப் புதிதாகவும் சப்பாத்தைப் போன வருட மாடலாகவும் எடுத்தோம். வசந்தகாலத்தில் கடைகள் விலை இறக்கும்போது காத்திருந்து வாங்குங்கள்.

ஒஸ்லோ_அப்பா
இருவருக்கும் நன்றி. பிவட் கதை முடிந்தது, டின் அட்டவணையைக் காட்டியதும் அவனே வாயை மூடிக்கொண்டான். அட்டாக் 11 எடுக்கிறோம். துளை போடக் கடைக்குப் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

மெழுகுக்காரன்
சப்பாத்தையும் கையோடு கொண்டுபோங்கள். குதிப் பக்கம் அடிநீளம் மி.மீ.யில் அச்சிட்டிருக்கும், அதை வைத்துத்தான் பைண்டிங்கைப் பொருத்துவார்கள். வயது, உயரம், எடையை உள்ளபடி சொல்லுங்கள். அப்புறம் மகனிடம் ஒன்று கேட்டுக்கொண்டு போங்கள்: பைண்டிங் சரி நடுவிலா, 2 செ.மீ. பின்னாலா? ரெயிலும் சுழலும் தாவலும் மட்டும் என்றால் நடு. மற்ற இறக்கங்களிலும் சறுக்குவான் என்றால் பின்னால்.