குருதிநீர்க் கசிவா, ஒழுகலா? டெங்கு துண்டறிக்கைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

துண்டறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்கள் ஓரளவு முடிந்துவிட்டன. தீவிர டெங்குவில் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, வெளியே போகிறதே, அதற்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. இதுவரை வந்தவை மூன்று. காட்பாடி நண்பர் ‘பிளாஸ்மா ஒழுகல்’ என்றார். ஆம்பூர் ஆசிரியர் ஐயா ‘ஊநீர் ஊறல்’ என்றார். நான் அவசரத்தில் போட்டது ‘குருதிநீர் வெளியேற்றம்’. என்னுடையதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாடகைக்காரரைக் காலி செய்ய வைப்பது போல இருக்கிறது.

இந்த ஒரு சொல்லில் ஏன் இப்படித் தொங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில், சத்துவாச்சாரியில் என் அக்கா மகனுக்கு டெங்கு. நாலாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. அக்கா நிம்மதியாக ரசம் சாதம் பிசைந்தாள். மாலையில் வயிற்றுவலி, வரிசையாக வாந்தி, உள்ளங்கை சில்லிட்டுப் போனது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர், பித்தப்பைச் சுவர் வீங்கியிருந்தது. இளம் டாக்டர் ஒருவர், “உள்ளே லீக் ஆகுதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எந்த இடத்துலடா ஓட்டை? தைக்க மாட்டாங்களா?”

அன்று இரவு முழுக்க உறவுக்காரர்களிடமிருந்து போன். எல்லோரும் கேட்டது தட்டணுக்களின் எண்ணிக்கை ஒன்றைத்தான்: “கவுன்ட் எவ்ளோ?” சித்தப்பா பப்பாளி இலைச் சாற்றோடு பஸ் ஏறிவிட்டார். வார்டில் நர்ஸ் அம்மா சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டிருந்ததோ வேறு எண். பி.சி.வி. என்று எழுதியிருந்தது. காலையில் 38, ராத்திரி 47. இருபது சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ரத்தத்தில் நீர் குறைந்து சிவப்பணுக்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு அடையாளம் அது. அதை யாரும் போனில் கேட்கவில்லை. கேட்க எங்களிடம் சொல் இல்லை. 1960களிலேயே வேலூரில் பிடித்த கொசுக்களிலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். நோய் நமக்கு அத்தனை பழசு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வேலூர்க் கொசப்பேட்டைக்குப் பெயர் கொசுவால் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அது குசவர் பேட்டை. பானை செய்கிறவர்களைக் கேட்டால் ஒழுகலுக்கும் கசிவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். விரிசல் விட்ட பானை ஒழுகும். நல்ல பானை கசியும். உடம்பெல்லாம் வேர்த்தது போல ஈரம் பூத்து நிற்கும், ஒரு ஓட்டையைக்கூடக் காட்ட முடியாது. தீவிர டெங்குவில் நடப்பது இந்த இரண்டாவது வகை. குழாய் கிழிவதில்லை. சுவர் தளர்ந்து நீரையும் புரதத்தையும் விட்டுவிடுகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆகவே ‘ஒழுகல்’ வேண்டாம்.

இன்னும் ஒரு படி போகலாம். நம் கரிகிரி ஜாடியில் ஊறுகாய் வைத்தால் கசியாது, மெருகு ஏற்றியிருப்பதால். நம் ரத்தக் குழாய்களின் உட்பக்கத்திலும் அப்படி ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, சர்க்கரையும் புரதமும் சேர்ந்தது. பரிசோதனைக் கூடத்தில் என்.எஸ்.1 என்று தேடுகிறார்களே, வைரஸ் ரத்தத்தில் விடும் அந்தப் புரதமே இந்தப் பூச்சை அரிக்கிறது. நம் உடம்பின் எதிர்ப்பு வேகமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பூச்சுக்கு ‘குழாய் மெருகு’ என்று பெயர் வைக்கலாம் என்பது என் உப முன்மொழிவு. ‘சர்க்கரைப் பூச்சு’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். நீரிழிவு நோயாளிகள் பயந்துவிடுவார்கள்.

‘ஊறல்’ பற்றி ஐயா மன்னிக்க வேண்டும். நல்ல பழைய சொல்தான். ஆனால் நம் பக்கத்தில் ஊறல் என்றதும் ஜவ்வாது மலையில் போலீஸ் போய்க் கவிழ்த்துக் கொட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது.

என் முடிவு: ‘குருதிநீர்க் கசிவு’. பி.சி.வி.க்கு ‘செவ்வணுப் பங்கு’. குழம்பு சுண்டுவது போல ரத்தம் கெட்டிப்படுகிறது என்பதால் ‘குருதிச் சுண்டல்’ என்றும் யோசித்தேன். நவராத்திரி நேரத்தில் துண்டறிக்கை வெளிவருவதால் விட்டுவிட்டேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து

*

தம்பிக்கு,

பானை எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கே வார்டில் சொல்லப் போகிறேன். ஆனால் உங்கள் சொல்லில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, கவனித்தீர்களா? ‘மூளையில் ரத்தக் கசிவு’ என்று பேப்பரில் தினமும் போடுகிறார்கள். அங்கே குழாய் வெடித்து ரத்தமே கொட்டுகிறது. குசவர் கசிவு என்பது ஒன்று, பத்திரிகைக்காரர் கசிவு என்பது வேறொன்று. ‘குருதிநீர்க் கசிவு’ என்று படிக்கிறவர், ‘குருதி’யையும் ‘கசிவு’வையும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ள ‘நீர்’ஐ விட்டுவிடுவார். உங்கள் அக்கா மறுபடியும் ஓட்டையைத்தான் தேடுவார்.

இன்னொன்று. எல்லா உறுப்புப் பாதிப்பையும் கசிவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 2009-இல் உலக சுகாதார அமைப்பு தீவிர டெங்குவை மூன்றாகப் பார்த்தது: கடுமையான கசிவு, கடுமையான ரத்தப்போக்கு, கடுமையான உறுப்புப் பாதிப்பு. மூன்றில் ஒன்று இருந்தாலும் தீவிரம்தான். கசிவு அதிகமாகி ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் அடிபடும், உண்மை. ஆனால் கல்லீரல் நொதிகள் ஆயிரத்தைத் தாண்டுவதையும், இதயத் தசை வீங்குவதையும், பிள்ளை பிதற்றி நினைவு தப்புவதையும் பெரிய கசிவு இல்லாமலே பார்க்கலாம். அந்த மூன்றாவது தலைப்புக்கு முந்தைய வரைவில் ‘உறுப்பு ஈடுபாடு’ என்று இருந்தது. கல்லீரல் பக்தியில் ஈடுபட்டது போலிருக்கிறது. பேசாமல் ‘பாதிப்பு’ என்றே போடுங்கள். ‘செயலிழப்பு’ வேண்டாம், நொதி ஏறிய எல்லாருக்கும் கல்லீரல் செத்துவிடவில்லை.

கசிவு ஒரு நாள், இரண்டு நாளில் நின்றுவிடும், கசிந்த நீர் தானாகக் குழாய்க்குத் திரும்பும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்திலும் டிரிப்ஸை அதிகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். “ஏன் பாட்டிலை நிறுத்திட்டீங்க?” என்று சண்டைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட எனக்கு அந்த வரி வேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து

*

டாக்டர் அம்மாவுக்கு,

பத்திரிகைக்காரர் கசிவு எனக்குத் தோன்றவே இல்லை. நேற்றிரவு மாற்றுச் சொற்களை உட்கார்ந்து தேடினேன். ‘குழாய் நீர்க்கசிவு’ என்று எழுதினால் நம் ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ‘நாளக் கசிவு’ நாளைக்குக் கசியும் என்பது போலக் கேட்கிறது. ‘நீர் பிரிதல்’ சிறுநீருக்குப் போய்விட்டது.

கடைசியில் அடுப்படியில் கிடைத்தது. பிரிட்ஜில் இருந்த தயிரைப் பார்த்து என் மனைவி, “தயிர் தண்ணி விட்டிருக்கு” என்றாள். கெட்டி ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். நமக்கு வேண்டியது இதுதானே? ஆனால் இதைப் பெயர்ச்சொல்லாக்கி ‘நீர்விடல்’ என்று எழுதினால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகிவிடுகிறது. வினையாக வாக்கியத்தில் வந்தால்தான் உயிரோடு இருக்கிறது.

எனவே இப்படிப் பிரித்துக்கொள்ளலாமா? கலைச்சொல் பட்டியலில் ‘குருதிநீர்க் கசிவு’ இருக்கட்டும். அதைப் பார்க்கிறவர்கள் நடுவில் உள்ள ‘நீர்’ஐயும் படிப்பார்கள். துண்டறிக்கையில் கலைச்சொல்லே வேண்டாம். “காய்ச்சல் விட்ட பிறகுதான் சிலருக்கு ரத்தம் தயிர் மாதிரி தண்ணீர் விட்டுக் கெட்டியாகும். ஓட்டை எதுவும் இல்லை. வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது இருந்தால் உடனே அழைத்து வாருங்கள்.” இதன் கீழே நீங்கள் கேட்ட டிரிப்ஸ் வரி.

கசிவு மிஞ்சி ரத்த ஓட்டம் தடுமாறும் நிலைக்கு வைத்திருக்கும் ‘டெங்கு அதிர்ச்சி’ என்ற சொல்லைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ‘டெங்கு: மக்கள் அதிர்ச்சி’ என்று தலைப்பு போடுகிறவர்கள் இருக்கும்வரை அதுவும் தேறாது.

மேலே உள்ள வாசகத்தை இன்று காலை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு, புரியுது” என்றாள். அப்புறம் கேட்டாள்: “ஆமா, கவுன்ட் பத்தி ஒண்ணுமே போடலையே?”