ஆசாரி வேலை கற்க ஐடிஐயா, பட்டறையா?

மதுரைக்காரன்:
அண்ணன்களுக்கு வணக்கம். வயது 22, இப்போது கூரியர் டெலிவரி பார்க்கிறேன். மரவேலை கற்க ஆசை, ஆனால் குடும்பத்தில் யாரும் ஆசாரி இல்லை. ஐடிஐயில் கார்பென்டர் பிரிவு ஒரு வருஷம், எட்டாவது தேறியிருந்தால் போதும் என்கிறார்கள். பக்கத்துத் தெரு மேஸ்திரியோ, "படிப்பு எதுக்கு, நாளைக்கே வா" என்கிறார். எதில் சேரலாம்? கையில் 6,000 ரூபாய் இருக்கிறது, கட்டிங் மெஷின் வாங்கிவிடவா?

பழைய உளி:
மெஷின் வேண்டாம் தம்பி. ஒரு இழைப்புளி (மரத்தைச் சீவி மட்டமாக்குவது), கால், அரை, முக்கால் இஞ்ச் உளிகள், கைவாள், மூலைமட்டம் (மூலை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது), தீட்டுக்கல் போதும். மீதிக் காசில் ஷூ வாங்கு. செருப்போடு பட்டறையில் நின்றதற்கு என் இடது கால் பெருவிரல் சாட்சி.

நான் சேர்ந்த புதிதில் மேஸ்திரி ஒன்றரை மாதம் வேப்பஞ்சட்டம் இழைக்க மட்டும்தான் விட்டார். ஒரு முகத்தை இழைத்து, மூலைமட்டம் வைத்து அடுத்த முகம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் இழைக்க வேண்டும். அழுகையே வரும். ஆனால் மரத்தில் ஓடும் ரேகைக்கு எதிராக இழைப்புளியைத் தள்ளினால் மரம் பிய்ந்து வரும் என்பது அப்படித்தான் கைக்குப் புரிந்தது.

பட்டறையில் எனக்குக் கிடைக்காதது வரைபடம் படிப்பது. ஒரு சமையலறை வேலைக்கு அளவை மில்லிமீட்டரில் கொடுத்தார்கள். இஞ்சுக்கு 25 என்று மனக்கணக்குப் போட்டு, 600-ஐ 24 இஞ்ச் ஆக்கி, 12 கதவு வெட்டி மைக்காவும் ஒட்டிவிட்டேன். 24 இஞ்ச் என்பது 609.6. ஒவ்வொரு கதவும் மூன்று நூல் அதிகம் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு), ஒன்றுகூட பெட்டிக்குள் போகவில்லை. கூலி போனது போக பிளைவுட் காசும் என் தலையில்.

ஐடிஐயில் வரைபடமும் கணக்கும் பாடத்திலேயே உண்டு. அதில் சேர், ஞாயிறு பட்டறைக்குப் போ.

கோவை தச்சன்:
நான் ஐடிஐ முடித்தவன். அரசு ஐடிஐ என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை, பஸ் பாஸும் உண்டு. ஆனால் எங்கள் வகுப்பில் இழைப்புளிக்கு வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும். அண்ணன் சொன்ன ஞாயிறு பட்டறையை விடாதீர்கள்.

மதுரைக்காரன்:
சரி அண்ணே, மேஸ்திரியிடம் பேசிவிட்டேன், ஞாயிறு மட்டும் வரச் சொன்னார். இழைப்புளி மரத்தில் வாங்கவா, இரும்பிலா?

பழைய உளி:
இரும்பு. திருகைத் திருப்பினால் அலகு இறங்கும். மர இழைப்புளியில் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும், அது மேஸ்திரியிடம் இருக்கும், அங்கேயே பழகிக்கொள்.